அயல்நாட்டில் பயில்வோரும் பயணத் தாள்களும்



கணித மேதை சீனிவாச இராமானுஜனின் உருவப்படத்தைப் பார்த்திராத மாணவர் நம் நாட்டில் இரார். பாடப் புத்தகங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் காணப்படும் அந்தப் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் மட்டும் மிகச் சிலரே. கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள் உழைத்து, உடல் நலிந்து, 1919-ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பிய காலத்துக் கடவுச்சீட்டில் இருந்த படம் அது. 1936-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்திருந்த விண்ணியல் அறிஞர் சந்திரசேகர், பேராசிரியர் ஹார்டியின் விருப்பத்திற்கிணங்கி, இராமானுஜனின் துணைவியார் சானகி அம்மையாரைத் தேடிச் சென்றார். அம்மையாரிடம் அந்தப் பழைய கடவுச்சீட்டு இருந்தது. அதிலிருந்து கிடைத்த படத்தையே ஹார்டி 1940-இல் வெளியிட்ட தம் நூலில் சேர்த்தார். ஒரு துண்டுத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஓர் அம்மையாரால், ஒரு மேதையின் முகம் உலகத்துக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறியபொழுது, பயணிகளிடம் கடவுச்சீட்டுக் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. திரும்பி வரும்பொழுது அது வேண்டியதாயிற்று. இடையில் ஓர் உலகப் போர் நடந்துவிட்டது. போருக்காக மூடப்பட்ட கதவுகள், போர் முடிந்த பிறகும் பழையபடி திறக்கவில்லை. நம் நாட்டில் 1920-இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது.

அயல்நாட்டுக்குப் படிக்கச் செல்வதைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன செலவு, எந்தத் தேர்வு என்பனவெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இன்று பேச எடுத்துக் கொண்ட பொருள் அதைவிடச் சிறியது. அங்கே படித்துக் கொண்டிருக்கும் மாணவன் நடுவில் ஊருக்கு வந்துவிட்டு, மறுபடியும் படிப்புக்குத் திரும்புவதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும், அவற்றை எப்படிக் காக்க வேண்டும் என்பதே அது. எல்லா நாடுகளையும் பற்றிப் பேச நேரம் போதாது. நம் மாணவர்கள் மிகுதியாகச் செல்லும் அமெரிக்காவையே பெரும்பாலும் எடுத்துக் கொள்கிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் ஒரு கடவுச்சீட்டு உண்டு. அதில் ஒரு முத்திரைகூட இல்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய காரணத்தால், என்னிடம் படித்த பிள்ளைகள் விடுமுறையில் வரும்பொழுது என்னைக் காண வருகிறார்கள். வரும்பொழுது சிலர் தாள்களையும் கவலைகளையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். அவற்றைப் படித்துப் படித்து நான் கற்றுக் கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயர். பெயரில் தொடங்குவதற்குக் காரணம், அதில் நானே ஒரு பிழை செய்தவன் என்பதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக் கொள்வதோடு நம் வழக்கம் முடிந்துவிடுகிறது. கடவுச்சீட்டிலோ முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும். 'பெயர்' என்று ஒரு கட்டம், 'குடும்பப் பெயர்' என்று மற்றொரு கட்டம். நம் பிள்ளைகள் பலர் இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடவுச்சீட்டைக் கொண்டு அமெரிக்க விசா பெறும்பொழுது, அவர்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடுகிறது. பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று மூன்று எழுத்துகள் விழுகின்றன. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அங்கே வகுப்பில் ஆசிரியர் அந்த மூன்று எழுத்தையே ஒரு பெயர் என்று கருதி அழைத்ததாகவும், தான் எழுந்து நின்றதாகவும் ஒரு மாணவி சிரித்துக் கொண்டே என்னிடம் சொன்னாள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக் கொண்டவர்களுக்கு வேறு விதமான சங்கடம். எங்கும் தந்தையின் பெயரைச் சொல்லியே அவர்களைக் கூப்பிடுகிறார்கள். இது வெறும் வேடிக்கையோடு நிற்பதுமில்லை. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் பார்வையாளர் விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே இரண்டு கட்டங்களையும் எண்ணிப் பார்த்து நிரப்புவது நல்லது.

இனி என் பிழை. தொண்ணூறுகளில் நான் வகுப்பாசிரியனாக இருந்தபொழுது ஒரு மாணவனின் தந்தை பெயரை ஆவணத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். சண்முகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை 'எச்' எழுத்தோடும் எழுதலாம், இல்லாமலும் எழுதலாம் அல்லவா? அவர்கள் வீட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்காமல், எனக்குத் தோன்றியபடி எழுதிவிட்டேன். பள்ளித் தாள்கள் அனைத்திலும் அதுவே ஏறியது. கடவுச்சீட்டில் குடும்பத்தார் வழக்கப்படி எழுதினார்கள். பையன் அயல்நாட்டுக்குச் செல்லும் வேளையில், இரண்டு பெயரும் ஒருவரைத்தான் குறிக்கின்றன என்பதற்கு உறுதிமொழித் தாள் எழுதி, முத்திரையிட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார் அவனுடைய தந்தை. கூலி வேலைக்குச் செல்பவர். ஒவ்வொரு நாள் அலைச்சலும் அவருக்கு ஒரு நாள் கூலி. அவர் என் வீட்டிற்கு வந்தபொழுது கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வாத்தியார் ஐயா எழுதினது சரியாத்தான் இருக்கும், நாங்கதான் தப்பா எழுதிட்டோம் போல" என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது. மாணவர்களே, உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு ஆகிய நான்கையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கெழுத்து ஒத்துப் பாருங்கள். ஆசிரியர் எழுதியது என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

கடவுச்சீட்டின் காலத்தையும் கவனிக்க வேண்டும். வயது வந்தோர்க்கு அது பத்தாண்டுக்குரியது. ஆனால் சிறுவயதில் எடுத்தவர்கள் சிலர் அதைவிடக் குறைந்த காலத்துக்குரியதை வைத்திருக்கிறார்கள். அது படிப்பின் நடுவிலேயே முடிந்துபோகலாம். ஆறு மாதக் காலமாவது மீதமிருக்கும்படி பார்த்துக் கொள்வது நலம். பல நாடுகளில் அதைக் கேட்கிறார்கள். அயல்நாட்டிலுள்ள நம் தூதரக அலுவலகத்தின் வாயிலாகவும் புதுப்பிக்கலாம். புதிய கடவுச்சீட்டு வந்ததும் பழையதை எறிந்துவிடாதீர்கள். பழையதில் உள்ள விசாவுக்குக் காலம் இருந்தால் அது செல்லும். இரண்டையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும்.

கடவுச்சீட்டு என்பது அரசு மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை என்றே முன்பு கருதப்பட்டு வந்தது. 1967-ஆம் ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அயல்நாடு செல்வது தனிமனித உரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவ்வாறு கருதினர். அதன் பின்னரே அவ்வாண்டு சூனில் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. இன்று நீங்கள் விண்ணப்பித்துப் பெறும் நீல அட்டைப் புத்தகத்திற்குப் பின்னால் ஒரு குடிமகனின் வழக்கு இருக்கிறது.

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் மாணவர்களில் பெரும்பாலோர் விசா வேறு, தங்கியிருக்கும் தகுதி வேறு என்பதை அறியாமல் இருக்கிறார்கள். ஒரு விடுதியை எண்ணிக் கொள்ளுங்கள். வாயிற்காவலரிடம் காட்டும் சீட்டு ஒன்று. உள்ளே விடுதிக் காப்பாளர் வைத்திருக்கும் பெயர்ப் பதிவேடு மற்றொன்று. விசா என்பது வாயிற்சீட்டு. நாட்டின் வாயிலில் நிற்கும் அதிகாரியிடம் காட்டி உள்ளே நுழைவதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே நீங்கள் இருக்கத் தகுதியுடையவர் என்பதை நிலைநிறுத்துவது பதிவேடு. அந்தப் பதிவேட்டிற்கு அடையாளமாகக் கல்லூரி கொடுக்கும் தாளே ஐ-20 படிவம். ஆகையால் எஃப்-1 என்னும் மாணவ விசாவின் காலம் முடிந்துவிட்டாலும், படிப்பு ஒழுங்காக நடந்து, ஐ-20 உயிருடன் இருக்கும் வரையில், உள்ளே இருப்பதில் குற்றம் இல்லை. ஆனால் வெளியே ஓர் அடி வைத்துவிட்டால், மறுபடி நுழைவதற்கு வாயிற்சீட்டு வேண்டும். நம் நாட்டு மாணவர்க்கு அந்த விசா பெரும்பாலும் ஐந்தாண்டுக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இரண்டாண்டில் முதுகலைப் பட்டம் பெறுபவனுக்கு இது போதும். ஆறாண்டு ஆராய்ச்சி செய்பவனுக்கு எங்கே போதும்?

ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பயண ஒப்புதலுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஊருக்குப் புறப்படும் முன்னர், கல்லூரியில் அயல்நாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலர் அதில் கையொப்பமிட வேண்டும். இந்த மாணவன் எங்கள் பதிவேட்டில் நல்ல முறையில் இருக்கிறான், திரும்பி வரலாம் என்பது அதன் பொருள். படித்துக் கொண்டிருப்பவர்க்கு அந்தக் கையொப்பம் ஓராண்டு செல்லும்; படிப்பு முடிந்து பயிற்சி வேலையில் இருப்பவர்க்கு ஆறு மாதமே செல்லும்.

2011-ஆம் ஆண்டில் என் மாணவன் ஒருவன் தங்கையின் திருமணத்திற்காக வந்திருந்தான். அங்கே குளிர்கால விடுமுறை திசம்பரின் நடுவில் தொடங்கிச் சனவரி நடுவில் முடிகிறது. அப்படியே நம் மார்கழி மாதம்! மார்கழியில் யார் வீட்டில் மணமேடை போடுகிறார்கள்? தை மாத முதல் முகூர்த்தத்தில் திருமணம் வைத்தார்கள். அவன் பேராசிரியரிடம் ஒரு வாரம் கூடுதலாக விடுப்புக் கேட்டு வாங்கியிருந்தான். திருமணம் சிறப்பாக நடந்தது. நானும் சென்று உண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் சென்னை விமான நிலையத்தில், விமான நிறுவனத்தின் அலுவலர் அவனுடைய ஐ-20 படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையொப்பமிட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஏற்ற இயலாது என்று சொல்லிவிட்டார். அவனுக்குப் படிப்பில் குறையில்லை, விசாவில் குறையில்லை, ஒரு கையொப்பத்தின் தேதியில் சில நாட்கள் குறை. அந்நாளில் மையினால் இட்ட கையொப்பமே செல்லும். கல்லூரியிலிருந்து புதிய தாள் கூரியரில் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. அதற்குள் அவன் பார்த்து வந்த உதவியாளர் பணி வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தப் பணியின் ஊதியத்தில்தான் அவன் படித்துக் கொண்டிருந்தான். தங்கை திருமணத்திற்கு வாங்கிய கடனோடு இன்னொரு கடனும் சேர்ந்தது.

இப்பொழுது 2020-க்குப் பிறகு அந்தத் தாளை மின்னஞ்சலில் அனுப்பவும் மின்கையொப்பம் இடவும் இசைவு வந்துவிட்டது. அமெரிக்காவில் இறங்கிய பிறகு இத்தகைய குறை தெரியவந்தால், எல்லை அதிகாரி விரும்பினால் ஐ-515ஏ என்ற படிவத்தைக் கொடுத்து, முப்பது நாட்களுக்குள் தாளைச் சரிசெய்து அனுப்பும்படி சொல்லி உள்ளே விடுவதுண்டு. ஆனால் அது அவருடைய விருப்பம். விமானத்தில் ஏறவே விடாதவனுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

ஏன் இவ்வளவு கடுமை என்று நீங்கள் எண்ணக் கூடும். 1993-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் உலக வணிக மையத்தில் குண்டு வைத்தவர்களில் ஒருவன் மாணவ விசாவில் வந்து, படிப்பை விட்டுவிட்டு மறைந்தவன். அவன் எங்கே இருந்தான் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அயல்நாட்டு மாணவர்களுக்கெனப் பதிவுமுறை வேண்டுமென்று சட்டம் செய்தது. ஆனால் வேலை மெல்ல நடந்தது. 2001 செப்டம்பர் 11-இல் அதே கட்டடங்கள் விமானங்களால் தகர்க்கப்பட்டன. அதற்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், விமானங்களை ஓட்டி மாண்டுபோன இருவருக்கு மாணவ விசா ஒப்புதலாகிவிட்டது என்ற கடிதம் ஃபுளோரிடாவிலுள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இறந்தவர்களுக்கு இசைவுக் கடிதம்! நாடே வெட்கித் தலைகுனிந்தது. 2003-இல் 'செவிஸ்' என்னும் கணினிப் பதிவேடு கட்டாயமாயிற்று. மாணவன் பாடம் குறைத்தாலும், வீடு மாறினாலும் அதில் ஏற வேண்டும். யாரோ சிலர் செய்த தீங்கினால் விளைந்த பதிவேட்டை இன்று சுமப்பவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் செல்லும் உங்களைப் போன்ற பிள்ளைகள். நியாயமா என்று கேட்டால், எனக்கு விடை சொல்லத் தெரியாது. ஆனால் காரணம் தெரிந்தால் எரிச்சல் சற்றுக் குறைகிறது.

அந்தப் பதிவேடும் பிழை செய்யாததன்று. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவுகள் திடீரென்று நீக்கப்பட்டன. பலர் வழக்குத் தொடுத்த பின்னர், அம்மாத இறுதியில் அரசு அவற்றைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னது. அவ்வாண்டு மே மாத இறுதியில் மாணவ விசாப் பேட்டிக்குப் புதிதாக நாள் ஒதுக்குவதையே நிறுத்தி, சூன் மாதத்தில், விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும் என்ற விதியோடு மறுபடி தொடங்கினார்கள். அதற்கு முன் சில காலம், விசாவைப் புதுப்பிப்போரில் பலர் பேட்டியின்றித் தாள்களை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு வர முடிந்தது. 2025 செப்டம்பரில் அந்த வழியும் பெரும்பாலும் அடைக்கப்பட்டது. படிப்புக் காலம் முழுவதும் தங்கலாம் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, நான்காண்டுக்கு மேற்படாத காலவரை குறிக்கலாம் என்று ஒரு வரைவு விதியும் 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. இவற்றை நான் சொல்வது, சென்ற ஆண்டு அண்ணன் போய்வந்த வழியையே இந்த ஆண்டு தம்பியும் நம்பிப் புறப்படக் கூடாது என்பதற்காகத்தான். புறப்படும் வாரத்தில் கல்லூரி அலுவலரிடம் கேளுங்கள்.

தாள்கள் சரியாக இருந்தும் கதவு சாத்தப்பட்டதும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் மருத்துவம் பயின்று வந்த நம் மாணவர்கள் விடுமுறைக்காகவும் நோய்க்கு அஞ்சியும் வீடு வந்து சேர்ந்தார்கள். மார்ச்சு 28-ஆம் நாள் முதல், செல்லுபடியான விசாவும் தங்கும் இசைவும் உடைய அயல்நாட்டாரையும் சீனா உள்ளே விடுவதை நிறுத்தியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இங்கேயே நின்றுபோனார்கள். மாணவ விசா மறுபடி வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். இடையில் கணினித் திரையில் பார்த்த பாடத்தை மட்டும் கொண்டு மருத்துவர் ஆக முடியாது என்று நம் மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. அது சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் 2020 மார்ச்சிலிருந்து 2021 திசம்பர் நடுப்பகுதி வரை அயல்நாட்டு மாணவர்களைப் பொதுவாக உள்ளே விடவில்லை. இத்தகைய காலத்தில் மாணவன் செய்யக் கூடியது மிகச் சிறிது. ஆயினும், விடுதி அறையில் மூலச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துவிட்டுச் 'சின்ன விடுமுறைதானே' என்று ஒரு கைப்பையோடு வந்தவர்கள், வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கக்கூட வழியின்றித் திகைத்தார்கள். மூலச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எங்கே நீங்கள் இருக்கிறீர்களோ அங்கே இருக்கட்டும். குறைந்தது அவற்றின் படியாவது இருக்கட்டும்.

அமெரிக்காவுக்குத் திரும்புபவன் கைப்பையில் வைத்திருக்க வேண்டியவை இவை: கடவுச்சீட்டு, விசா, கையொப்பமிட்ட ஐ-20, கல்லூரியில் சேர்ந்திருப்பதற்கான கடிதம், மதிப்பெண் பட்டியல், பண வசதிக்கான சான்று, கல்லூரி அலுவலரின் தொலைபேசி எண். பயிற்சி வேலையில் இருப்பவர் வேலை அட்டையையும் பணியளிப்பவரின் கடிதத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். இவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டுக் கைவீசிச் சென்றவனை நான் அறிவேன். அவனை நம் அம்மாக்கள் கட்டிக் கொடுத்த ஊறுகாய்ப் புட்டிதான் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுவதாயின், அந்த நாடு இடைவழி விசா கேட்கிறதா என்றும் பாருங்கள். இறங்கிய பிறகு, ஐ-94 என்னும் வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து, அதில் உங்கள் வகுப்பு எஃப்-1 என்றுதான் எழுதியிருக்கிறதா என்று அன்றே சரிபாருங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் பழைய ஐ-20 பொதுவாகச் செல்லாது. புதியது வாங்க வேண்டும். படிப்பு முடிந்தபின் தரும் அறுபது நாள் அவகாசம் ஊர் திரும்ப ஆயத்தம் செய்வதற்கானது. அந்த நாட்களில் வெளியே சென்றவர் அதைக் காட்டி மறுபடி நுழைய இயலாது.

விசாக் காலம் முடிந்தவர்க்கும் ஒரு சிறு திட்டிவாசல் உண்டு. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாட்களுக்கு மேற்படாமல் சென்று, அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமல் திரும்புபவரைப் பழைய விசாவோடேயே உள்ளே விட விதி இருக்கிறது. கருத்தரங்குக்குச் செல்லும் ஆராய்ச்சி மாணவர்க்கு அது உதவும். நம் ஊருக்கு வருவதற்கு உதவாது.

அப்படி வர முடியாமல் நின்றவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களில் கணக்கில் அவனுக்கு நிகரானவன் இல்லை. 2016-இல் முனைவர் பட்டத்துக்குச் சென்றான். 2021-இல் விசா முடிந்தது. உள்ளே இருந்தான், படிப்பு நடந்தது, ஒரு குறையும் இல்லை. 2022-ஆம் ஆண்டு நவம்பரில், அடைமழைக் காலத்தில், அவனுடைய தந்தையார் மாரடைப்பால் காலமானார். நோய்த்தொற்றுக் காலத்தில் தேங்கிய விண்ணப்பங்களால், விசாப் பேட்டிக்கு நாள் கிடைக்க அப்பொழுது பல மாதங்கள் ஆயின. வந்தால் எப்பொழுது திரும்புவான் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி நூலை ஒப்படைக்க இன்னும் பத்து வாரம். அவன் வரவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். ஒரு சிறுவன் குடைக்கடியில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் கொண்டு நின்றான். அதன் வழியாக அவன் பார்த்துக் கொண்டிருந்தான். அப்பனைவிடப் படிப்பு பெரிதா என்று ஊரில் சிலர் பேசினார்கள். நான் அவர்களிடம் விசாவையும் ஐ-20 படிவத்தையும் விளக்க முயன்றேன். சுடுகாட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

சில நாட்கள் கழித்து அவன் என்னோடு தொலைபேசியில் பேசினான். "சார், 2019 கோடையில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு மாதம் வீட்டில் சும்மாதான் இருந்தேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று விசாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன்" என்றான். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். காலம் மீதமிருக்கும்பொழுதே புதுப்பிக்கலாம் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அப்பா நன்றாக இருந்தார். மாமரத்தில் காய் இருந்தது. சென்னைக்குப் போய்வர மனம் வரவில்லை. அந்த வயதில் நானாக இருந்தாலும் அப்படியேதான் செய்திருப்பேன்.

2023-இல் பட்டம் பெற்றுப் பயிற்சி வேலையில் அமர்ந்த பிறகு அவன் வந்தான். இம்முறை வந்த மறுநாளே சென்னைக்குச் சென்று பேட்டி முடித்து, புதிய விசா கைக்கு வந்த பின்னர்தான் தந்தையின் படத்துக்கு மாலை வாங்கினான். புறப்படும் முன்னர் ஒரு கண்ணாடித்தாள் உறையை என்னிடம் கொடுத்தான். கடவுச்சீட்டு, விசா, ஐ-20, வேலை அட்டை ஆகிய எல்லாவற்றின் படியும் அதில் இருந்தன. மேலே ஒரு வெள்ளைத்தாளில், ஒவ்வொன்றும் முடியும் நாளைத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான். விசா முடியும் ஆண்டு 2028. இன்னொரு படி அவன் வீட்டு அலமாரியில், குடும்ப அட்டையோடு இருக்கிறது.

அவனுடைய தாயாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பொங்கலன்றும் என் வீட்டுக்குக் கரும்பு கொண்டு வருகிறவர், வாயிற்படியில் நின்றபடியே, "அந்தத் தாளுக்கு இன்னும் நாள் இருக்குதுங்களா, சார்?" என்று கேட்கிறார். நான் உறையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்கிறேன்.